கப்பல் ஏறாத சரக்கு

வாணிகம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன துறைமுகமும், பாரந்தூக்கியும், பொதிமூட்டைகளும், சுங்கச் சாவடியுமே. ஒரு நாட்டில் விளைந்ததை மற்றொரு நாட்டில் இறக்கி விலை பேசுவதே நெடுங்காலம் கடல் வாணிகத்தின் இயல்பாக இருந்தது. இன்றோ, எடையில்லாத, எந்தக் கப்பலிலும் ஏறாத சரக்கு ஒன்று நாடு விட்டு நாடு விற்கப்படுகிறது. மேகக் கணிமை என்பது அதன் பெயர். அதை விற்பதற்கும் அரசாங்கங்கள் தம் வணிகர்களைக் குழுவாகத் திரட்டிக் கடல் கடந்து அனுப்புகின்றன. கம்பி வழியே நொடிப்பொழுதில் செல்லும் பொருளுக்காக மனிதர் ஏன் பயணம் செய்யவேண்டும்? இவ்வினாவுக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் மேகக் கணிமை என்பது யாது எனத் தெளிவோம். பெயர்தான் மேகம், பொருள் தரையில்தான் இருக்கிறது. பெரிய கட்டடங்களில் கணிப்பொறிகள் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டு, குளிரூட்டப்பட்டு, இரவும் பகலும் இயங்குகின்றன. அவற்றின் திறனை வேண்டிய அளவுக்கு வாடகையாகப் பெற்று, பயன்படுத்திய அளவுக்குப் பணம் செலுத்துவதே மேகக் கணிமை. 1961ஆம் ஆண்டில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் நூற்றாண்டு விழாவில் பேசிய ஜான் மெக்கார்த்தி என்னும் அறிஞர், தொலைபேசியைப் போலவே கணிப்புத் திறனும் ஒருநாள் பொதுச் சேவையாக அமையக்கூடும் என்றார். 2006இல் அமேசான் நிறுவனம் சேமிப்பிடத்தையும் கணிப்புத் திறனையும் வாடகைக்கு விடத் தொடங்கியபோது அக்கருத்து பெருமளவில் செயலுருப் பெறலாயிற்று.

இதை மின்சாரத்துக்கு ஒப்பிடுவது வழக்கம். ஆனால் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. மின்சாரத்தில் அவர்கள் பொருள் நம் வீட்டுக்கு வருகிறது. மேகக் கணிமையிலோ நம் பொருள் அவர்கள் வீட்டுக்குச் செல்கிறது. அறுவடை செய்த நெல்லைப் பிறர் பத்தாயத்தில் கொட்டிவைப்பதற்கு இது நிகர். பத்தாயம் எத்துணை உறுதியானது, சாவி யார் கையில் இருக்கிறது, அவ்வூர் மணியக்காரர் வந்து கேட்டால் திறந்துவிடுவார்களா என்றெல்லாம் நெல்லுக்குரியவன் கேட்பான் அன்றோ? மருத்துவமனையின் நோயாளர் குறிப்புகளையும் வங்கியின் கணக்குகளையும் அயல்நாட்டாரிடம் ஒப்படைப்போர் கேட்பதும் இதுவே. ஆகவே இவ்வாணிகத்தில் விற்கப்படுவது கணிப்புத் திறன் மட்டுமன்று, நம்பிக்கையும்கூட. நம்பிக்கையைக் கம்பி வழியே அனுப்ப இயலாது. தூதுக்குழுவின் தேவை இங்குதான் பிறக்கிறது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முறையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அங்கே வாணிகத் துறையின்கீழ், அயல்நாட்டு வாணிகப் பணிக்கென 1980இல் தனி அமைப்பு ஏற்பட்டது. அதன் அலுவலர் தூதரகங்களில் அமர்ந்து அந்தந்த நாட்டுச் சந்தையை ஆராய்வர். தூதுக்குழு ஒன்று அமையுங்கால், அதன் நோக்கமும் நாளும் கட்டணமும் அரசிதழில் அறிவிக்கப்படும். நிறுவனங்கள் விண்ணப்பிக்கும். விற்கும் பொருள் அமெரிக்காவில் உண்டாக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். அன்றேல் அமெரிக்க நிறுவனத்தின் பெயரில் விற்கப்படுவதும், குறைந்தது 51 விழுக்காடு அந்நாட்டு உள்ளடக்கம் கொண்டதுமாக இருத்தல் வேண்டும் என்பது வழக்கமான விதி. சிறு நிறுவனத்துக்குக் கட்டணம் குறைவு. பயணச் செலவும் தங்கும் செலவும் அவரவரைச் சார்ந்தவை.

அங்குச் சென்றபின் நிகழ்வதென்ன? தூதரக அலுவலர் முன்னரே தேர்ந்து வைத்த கூட்டாளிகளையும் வாங்குவோரையும் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே சந்திக்கும். அரசாங்க அதிகாரிகள் தம் நாட்டுச் சட்டங்களை விளக்குவர். முன்பின் அறியாத சிறு நிறுவனம் தானாகச் சென்று கதவைத் தட்டினால் திறவாத இடங்களும், அரசாங்கத்தின் அறிமுகத்தோடு சென்றால் திறக்கின்றன. உலகெங்கும் பெயர்பெற்ற பெருநிறுவனங்களுக்கு இவ்வுதவி பெரிதன்று. மேகத்தின்மீது கணக்குப் பார்க்கும் மென்பொருளையோ பாதுகாப்பு மென்பொருளையோ அமைத்து விற்கும் சிறு நிறுவனங்களுக்கே இது பெரும்பயன் தருகிறது.

இப்பயணங்கள் எளியனவாக மட்டும் இருந்ததில்லை. 1996 ஏப்ரல் 3ஆம் நாள், வாணிகச் செயலாளர் ரான் பிரவுன் தலைமையில் குரோவேஷியாவுக்குச் சென்ற குழுவின் விமானம் துப்ரோவ்னிக் நகருக்கு அருகில் மலையில் மோதி, அதிலிருந்த 35 பேரும் மாண்டனர். கட்சிக்கு நன்கொடை தந்தோருக்கே குழுக்களில் இடம் கிடைத்தது என்ற குறைகூறலும் அக்காலத்தில் எழுந்தது. அதன்பின் 1997இல் விதிகள் திருத்தப்பட்டன. தேர்வுக்கும் கட்சித் தொடர்புக்கும் யாதொரு இயைபும் இல்லை என்று அறிவிப்புகளில் எழுதுவது வழக்கமாயிற்று. பொதுப்பணம் தனியார் வாணிகத்துக்குத் துணைசெய்யும்போது நடுவுநிலைமை இன்றியமையாதது என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

தூதுக்குழு கதவைத் திறக்கலாம். ஆனால் சட்டம் அதை மூடிவிடவும் கூடும். ஐரோப்பிய ஒன்றியம், தன் மக்களின் சொந்தத் தரவுகள் போதிய பாதுகாப்பில்லாத நாடுகளுக்குச் செல்வதைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவுடன் ‘பாதுகாப்பான துறைமுகம்’ என்னும் ஏற்பாடு செய்யப்பட்டது. கப்பல் ஏறாத சரக்குக்குத் துறைமுகத்தின் பெயரிட்டது பொருத்தமே. அதை நடத்தும் பொறுப்பும் அமெரிக்க வாணிகத் துறையினுடையது. 2013இல் அமெரிக்க உளவு அமைப்புகளின் கண்காணிப்பு வெளிப்பட்டபோது, மாக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற ஆஸ்திரிய நாட்டுச் சட்ட மாணவர், தம் தரவுகள் அமெரிக்கா செல்வதை எதிர்த்து முறையிட்டார். 2015 அக்டோபர் 6ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம் அவ்வேற்பாட்டைச் செல்லாதென்றது. அதை நம்பியிருந்த நிறுவனங்கள் 4,000க்கு மேற்பட்டவை. 2016இல் செய்யப்பட்ட இரண்டாம் ஏற்பாடும் 2020 ஜூலையில் வீழ்ந்தது. மூன்றாவது 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஒரு மாணவரின் முறையீடு இரு பெருநிலப்பரப்புகளின் வாணிகத்தையே அசைத்தது என்பதை இளைஞர்கள் எண்ணிப் பார்த்தல் தகும்.

வணிகர்களும் வாளா இருக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015இல் ஜெர்மனிக்கென ஒரு புதுமுறையை அறிவித்தது. தரவுகள் மாக்டெபர்க், பிராங்க்ஃபர்ட் நகர்களிலேயே இருக்கும். சாவி டாய்ச்சு டெலிகாமின் கிளை நிறுவனத்திடம் இருக்கும். அதன் இசைவின்றி மைக்ரோசாஃப்டும் அவற்றைத் தொட இயலாது. பத்தாயம் ஒருவருடையது, சாவி மற்றொருவருடையது! எனினும் இவ்வாறு தனித்துப் பிரிக்கப்பட்டமையால், உலகளாவிய சேவையின் வசதிகள் அங்கே குறைவாகவே கிடைத்தன. 2018இல் புதிய வாடிக்கையாளரைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. 2021இல் அச்சேவையே முடிவுற்றது. காவல் மிகுந்தால் வசதி குறையும். வசதி மிகுந்தால் காவல் தளரும். இரண்டையும் ஒருங்கே பெறும் வழியைத்தான் நாடுகள் இன்னும் தேடுகின்றன.

ஆகவே தூதுக்குழு வருவதை இருகரையிலிருந்தும் நோக்குதல் வேண்டும். அனுப்பும் நாட்டுக்கு அது புதுச்சந்தை. சிறு நிறுவனத்துக்கு வாழ்வு. ஏற்கும் நாட்டுக்கோ, பெரும் முதலீடின்றி உயர்ந்த கருவிகளைப் பெறும் வாய்ப்பு. கூடவே தன் மக்களின் குறிப்புகளைப் பிறர் கையில் ஒப்படைக்கும் பொறுப்பு. வருவோரை முகமலர்ந்து வரவேற்பதும், சாவி யாரிடம் இருக்கும் என்று முகம் கோணாது கேட்பதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. கல்வி கற்ற குடிமக்கள் நிறைந்த நாடே அக்கேள்வியைத் தக்க காலத்தில் கேட்கும். கேட்கத் தெரிந்தவர்களாக நீங்கள் வளர்தல் வேண்டும்.