பழைய காரும் அதன் டயர்களும்

மாட்டுச் சந்தைக்குச் செல்லும் உழவர் மாட்டின் கொம்பைப் பார்ப்பார், திமிலைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார். இறுதியில் அதன் வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்ப்பார். விற்பவர் எந்த வயதைச் சொன்னாலும், பல்லின் எண்ணிக்கையும் தேய்வும் உண்மை வயதைச் சொல்லிவிடும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது நம் பழமொழி. விலை கொடுத்து வாங்கும் மாட்டையோ பல்லைப் பிடித்துப் பார்த்தே வாங்க வேண்டும் என்பது அதனுள் அடங்கிய மற்றொரு பொருள்.

இன்று நம் குடும்பங்கள் பல, மாட்டை அன்று, மோட்டார் காரை வாங்குகின்றன. முதன்முதலாகக் கார் வாங்குவோர் பலரும், முன்பு ஒருவர் ஓட்டி விற்ற பழைய காரையே நாடுகின்றனர். அந்தக் காருக்கும் பல் உண்டு. அதுதான் டயர். அதைப் பிடித்துப் பார்ப்பது எவ்வாறு என்பதை இப்போது காண்போம்.

பூந்தமல்லியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் நசரத்பேட்டை வருகிறது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை ஏறக்குறைய 62 கிலோமீட்டர் நீளும் வெளிவட்டச் சாலை, இவ்வூரில்தான் பெங்களூர் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்கிறது. இந்தச் சுற்றுவட்டாரம் டயருக்கும் காருக்கும் புதியதன்று. திருவொற்றியூரில் 1946-ஆம் ஆண்டு பொம்மைப் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம், 1961-இல் டயர் உற்பத்தியில் இறங்கியது. அம்பத்தூரில் ஒரு காலத்தில் டன்லப் தொழிற்சாலை இயங்கியது. மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் உருவாகின்றன. ஒரகடத்தில் அப்போலோ நிறுவனத்தின் டயர்த் தொழிற்சாலை உள்ளது. டயர் பிறக்கும் ஊர்களுக்கு நடுவே வாழும் நாம், டயர் பேசும் மொழியை அறியாதிருத்தல் பொருந்துமா?

நசரத்பேட்டையில் வாழும் ஒரு குடும்பம், விற்பனை நிலையம் ஒன்றில் ‘சான்றளிக்கப்பட்ட’ பழைய கார் ஒன்றை வாங்குவதாக வைத்துக்கொள்வோம். கார் நிறுவனங்களே பழைய கார்களை வாங்கிச் சோதித்துச் சான்றுடன் விற்கும் வழக்கம் நம் நாட்டில் சுமார் கால் நூற்றாண்டாக உள்ளது. மாருதி நிறுவனம் 2001-இல் இதனைத் தொடங்கியது. எஞ்சின், பல்சக்கரப் பெட்டி, பிரேக், விளக்கு என நூற்றுக்கணக்கான இனங்களைச் சோதித்ததாகப் பட்டியல் ஒன்று தரப்படும். அப்பட்டியலில் டயருக்கு எதிரே ‘சரி’ என்று ஒரு குறி இருக்கும். குடும்பத்தார் மகிழ்ந்து காரை ஓட்டி வருகின்றனர். இரண்டு மாதம் கழிந்தபின் சக்கரத்தைச் சரிபார்க்கும் கடைக்காரர், “நான்கு டயரையும் மாற்ற வேண்டுமே!” என்கிறார். விற்றவரிடம் சென்று கேட்டால், “உத்தரவாதம் எஞ்சினுக்கு உண்டு, டயருக்கு இல்லை” என்ற விடை கிடைக்கிறது.

இங்கே ஏமாற்றியவர் யார்? பெரும்பாலும் ஒருவருமில்லை என்பதே வியப்பு. டயர், பிரேக் கட்டை, மின்கலம், துடைப்பான் ஆகியவை ஓட ஓடத் தேயும் பொருள்கள். ஆகையால் உத்தரவாதப் பத்திரங்கள் பொதுவாக இவற்றை விலக்கிவிடுகின்றன. பட்டியலில் உள்ள ‘சரி’ என்னும் சொல்லுக்கு, ‘சோதித்த அன்று குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகவில்லை’ என்பதே பொருள். ‘இன்னும் மூன்று ஆண்டு ஓடும்’ என்பது பொருளன்று. தேர்வில் 35 மதிப்பெண் பெற்றவரும் தேறியவரே. 95 பெற்றவரும் தேறியவரே. சான்றிதழ் ‘தேறினார்’ என்று மட்டும் சொன்னால், மதிப்பெண்ணை நாமே கேட்டறிதல் வேண்டும்.

டயருக்கு இத்துணை முக்கியத்துவம் எதற்கு என்று வினவலாம். சிறு கணக்கு ஒன்று போடுவோம். காரின் எடை 1,100 கிலோ எனில், ஒவ்வொரு சக்கரமும் ஏறக்குறைய 275 கிலோவைத் தாங்குகிறது. டயரினுள் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2.25 கிலோ. 275-ஐ 2.25-ஆல் வகுத்தால் 122 சதுர சென்டிமீட்டர் வருகிறது. அதாவது, ஒரு டயர் சாலையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் அஞ்சலட்டையின் அளவே. நான்கு அஞ்சலட்டைகளை நம்பித்தான் ஒரு குடும்பமே நெடுஞ்சாலையில் விரைகிறது. பிரேக் எத்துணைச் சிறந்ததாயினும் அதன் ஆற்றல் இந்த நான்கு அட்டைகளின் வழியாகவே சாலையைச் சென்றடைய வேண்டும்.

இனி ஐப்பசி, கார்த்திகை மழையை நினைத்துப் பாருங்கள். சாலையில் 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நிற்கிறது. 18.5 சென்டிமீட்டர் அகலமுள்ள டயர் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 22 மீட்டர் வேகத்தில், அந்நீரின்மீது உருள்கிறது. பெருக்கிப் பார்த்தால், வினாடிதோறும் ஏறக்குறைய 12 லிட்டர் நீரை அந்த ஒரு டயர் அப்புறப்படுத்த வேண்டியிருக்கிறது. வினாடிக்கு ஒரு குடம் நீர் என்று கொள்ளலாம். டயரின் மேற்பரப்பில் வெட்டப்பட்டுள்ள பள்ளங்கள் அழகுக்காக அமைந்தவை அல்ல. அவை நீர் வெளியேறும் வாய்க்கால்கள். வாய்க்கால் தூர்ந்துபோனால் வயலில் நீர் தேங்குவதுபோல, பள்ளம் தேய்ந்துபோனால் டயருக்கும் சாலைக்கும் இடையே நீர் தேங்கும். அப்போது சக்கரம் சாலையை விட்டு நீர்மேல் மிதக்கத் தொடங்கும். திருப்பினாலும் திரும்பாது, பிரேக்கை மிதித்தாலும் நிற்காது.

ஆதலால் சட்டமும் இதற்கு ஓர் எல்லை வகுத்துள்ளது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, காரின் டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இதனைக் காட்டுவதற்கென்றே பள்ளத்தின் அடியில் ஆங்காங்கே சிறு மேடுகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. டயரின் மேற்பரப்பு தேய்ந்து அம்மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது.

மாணவ நண்பர்களே, உங்கள் கணிதப் பெட்டியில் உள்ள அளவுகோலே இதற்குப் போதுமான கருவி. பள்ளத்தில் அளவுகோலை நிறுத்திப் பாருங்கள். அளவுகோலின் சுழியம் முனையிலிருந்து சற்றுத் தள்ளித் தொடங்கினால் அந்த இடைவெளியையும் கூட்டிக்கொள்ளுங்கள். புதிய கார் டயரின் ஆழம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். நீங்கள் அளந்த ஆழம் 4 மில்லிமீட்டர் என்றால், பாதி ஆயுள் எஞ்சியுள்ளது என்று எண்ணாதீர்கள். 8-லிருந்து 1.6 வரை 6.4 மில்லிமீட்டரே பயன்படும் ஆழம். இப்போது எஞ்சியிருப்பது 4-க்கும் 1.6-க்கும் இடைப்பட்ட 2.4 மட்டுமே. இது மூன்றில் ஒரு பங்கைவிடச் சிறிதே மிகுதி. ஒவ்வொரு டயரிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடங்களில் அளக்க வேண்டும். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதியாக இருந்தது. இரு விளிம்பும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக இருந்தது. ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரங்களின் நேர்மை பிறழ்ந்திருக்கிறது. கடைசியிற் கூறிய குறையைக் கண்டால், கார் முன்பு எங்கேனும் மோதியதா என்றும் கேட்க வேண்டும்.

தேய்வைப் பார்த்தோம், இனி வயது. டயரின் பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3121 என்றிருந்தால், 2021-ஆம் ஆண்டின் 31-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். சில டயர்களில் இக்குறி உட்புறச் சுவரில் அமைந்திருக்கும். குனிந்து தேடிப் பார்க்கச் சோம்பக் கூடாது.

ஓடாமல் நின்ற டயருக்கும் வயதாகுமா என்றால், ஆகும். ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளைக் கந்தகம் கொண்டு பிணைத்து உறுதியாக்கும் முறையைச் சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்தார். அந்தப் பிணைப்பையும் சங்கிலியையும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் வெயிலின் வெப்பமும் நாளடைவில் சிதைக்கின்றன. ரப்பர் இறுகுகிறது, பக்கச்சுவரில் மயிரிழைபோன்ற வெடிப்புகள் தோன்றுகின்றன. இதனைத் தடுப்பதற்கு டயரில் மெழுகு கலந்திருக்கிறார்கள். டயர் உருண்டு வளையும்போது அம்மெழுகு மேற்பரப்புக்கு வந்து போர்வைபோல் காக்கிறது. நின்றே கிடக்கும் காரில் இப்பாதுகாப்புக் குறைவு. எனவே, “வீட்டிலேயே நின்ற வண்டி, கொஞ்சம்தான் ஓடியது” என்று விற்பவர் பெருமையாகச் சொல்லும்போது, டயரைப் பொறுத்தவரை அது பெருமை அன்று, எச்சரிக்கை. ஆறு ஆண்டுகள் கடந்த டயரை மாற்றிவிடுமாறு கார் நிறுவனங்கள் பல அறிவுறுத்துகின்றன. ஐந்து ஆண்டுக்குப்பின் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பத்தாண்டுக்குமேல் எந்நிலையிலும் ஓட்டலாகாது என்பது டயர் நிறுவனங்கள் பலவற்றின் கருத்து. விற்பனைக்கு நிற்கும் காரின் டயர்களில் பளபளக்கும் கறுப்பு மெருகு பூசியிருப்பார்கள். ஈரத் துணியால் அதைத் துடைத்துவிட்டு வெடிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும்.

இந்த நான்கு இலக்கம் மற்றொரு உண்மையையும் வெளிப்படுத்தும். கார் 2019-இல் பிறந்தது. ஓடிய தூரம் 22,000 கிலோமீட்டர் என்று மானி காட்டுகிறது. டயர்களோ 2023-இல் செய்யப்பட்டவை. இவ்வளவு குறைவாக ஓடிய காருக்கு டயரை ஏன் மாற்றினார்கள்? டயர் பழுதுற்றிருக்கலாம், அல்லது மானி திருப்பி வைக்கப்பட்டிருக்கலாம். கேள்வியைக் கேட்டு, பழுதுபார்த்த பதிவேட்டைக் காட்டச் சொல்வது நம் கடமை. உதிரிச் சக்கரம் இருந்தால் அதன் வயதையும் பாருங்கள். பல கார்களில் அது பிறந்த நாளிலிருந்து வெளியே வராமலே கிழமாகியிருக்கும்.

சட்டம் நம்மைக் காக்காதா என்று கேட்கலாம். ஓரளவு காக்கும். பழைய கார் விற்பவர் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்னும் விதி 2022 டிசம்பரில் வெளியாகி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் உள்ளது. ஆயினும் 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. பொருள் விற்பனைக்குரிய தரத்தில் இருக்கும் என்னும் உட்பொருளான உறுதி, வாங்குபவர் தாமே பரிசோதித்திருந்தால், அப்பரிசோதனையில் புலப்பட்டிருக்க வேண்டிய குறைகளுக்குச் செல்லாது. டயரோ கண்ணெதிரே இருக்கும் பொருள். “பார்த்துத்தானே வாங்கினீர்கள்?” என்ற கேள்விக்கு அப்போது விடை சொல்வது கடினம். ஆகவே வாங்கிய பின் வாதாடுவதைவிட, வாங்குமுன் பார்ப்பதே அறிவுடைமை.

பார்த்துக் குறை கண்டால் காரையே வேண்டாம் என்று தள்ள வேண்டியதில்லை. பழைய காரில் பழைய டயர் இருப்பது இயற்கை. அதனை விலையில் கழித்துக்கொள்வதே முறை. ஒன்று, நான்கு டயரின் விலையைக் கணக்கிட்டுக் குறைத்துக் கேட்கலாம். அல்லது, விற்பவரே புதிய டயர் மாட்டித் தருவதாக ஒப்புக்கொள்ளலாம். ஒப்புக்கொண்டால், எந்நிறுவன டயர், என்ன அளவு, எந்த ஆண்டுச் செய்தது என்பதை முன்பணம் கொடுக்குமுன் எழுத்தில் பெற வேண்டும். ‘185/65 ஆர் 15 88 எச்’ என்பது போன்ற குறியில் அகலம், உயரவிகிதம், சக்கரத்தின் விட்டம், சுமை, வேகம் ஆகிய அனைத்தும் அடங்கியுள்ளன. 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கும். காரின் கையேட்டில் கூறப்பட்ட சுமைக் குறியைவிடக் குறைந்த டயரை ஏற்கக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும். பணமுடையால் இரண்டு டயர் மட்டுமே மாற்றுவதானால், புதிய இரண்டையும் பின்சக்கரங்களில் மாட்டுக. ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கினால் ஓட்டுநர் வேகத்தைத் தணித்து மீளக் கூடும். பின்சக்கரம் வழுக்கினால் கார் பம்பரம்போல் சுழன்றுவிடும்.

உங்கள் வீட்டில் கார் வாங்கும் பேச்சு எழும்போது, பெரியவர்கள் நிறத்தைப் பற்றியும் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் ஓர் அளவுகோலையும் ஈரத் துணியையும் எடுத்துக்கொண்டு உடன் செல்லுங்கள். நான்கு சக்கரங்களையும் சுற்றி வரப் பத்து நிமிடம் போதும். சான்றிதழில் கையெழுத்திட்டவர் அந்தக் காரில் பயணம் செய்யப் போவதில்லை; மழைநாளில் அதில் அமர்ந்து செல்லப் போகிறவர்கள் உங்கள் தாயும் தந்தையும் உடன்பிறந்தாருமே.