கியர்ப் பெட்டி மாற்றும்போது உடன் செய்யத்தக்க வேலைகள்

பழைய உழவு இயந்திரம் வைத்திருக்கும் கமக்காரர், கியர்ப் பெட்டி பழுதுற்றால் பாவித்த பெட்டியொன்றை வாங்கிப் பொருத்துவது வழக்கம். அவ்வேளையில் பெட்டியின் விலையைப் பற்றியே பேரம் நடைபெறும். இயந்திரத்தை நடுவே பிரித்து மீண்டும் இணைக்கும் கூலியும் சிறிதன்று என்பது பின்னரே தெரியவரும். 1964 ஆம் ஆண்டில் வெளிவந்து, இலங்கையின் வயல்களில் இன்றும் உழைத்துவரும் மசி பெர்குசன் 135 போன்றவற்றில் தனியான அடிச்சட்டம் இல்லை. எஞ்சினும் கியர்ப் பெட்டியுமே முதுகெலும்பாக நின்று பாரத்தைத் தாங்குகின்றன. ஆகவே கிளச்சை அடைவதற்கும் இயந்திரத்தை இரண்டாகப் பிரித்தேயாக வேண்டும். பிரித்த நிலையில் மட்டுமே கைக்கு எட்டும் சிறு பாகங்களை அப்பொழுதே புதுப்பித்துவிடுதல் நன்று. இல்லையேல் ஒரு சிறு ஒயில் சீலுக்காக அதே கூலியை மறுமுறையும் கொடுக்க நேரும்.

தோப்பூர்ப் பகுதியில் இவ்வேலைக்கு உகந்த காலம், சிறுபோக அறுவடை முடிந்து பெரும்போக உழவு தொடங்குவதற்கு இடைப்பட்ட ஆவணி, புரட்டாசி மாதங்களாகும். வாய்க்காலில் தண்ணீர் வந்தபின் இயந்திரம் வேலைத்தலத்திற் கிடக்குமாயின், அயலார் உழுது விதைக்க, நம் வயல் தரிசாய்க் கிடக்கும். மரக்கறித் தோட்டக்காரருக்கோ சந்தைக்குச் செல்லும் இழுவைப் பெட்டியும் நின்றுவிடும்.

பிரிப்பதற்கு முன் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கிளச் உறையின் அடியில் ஒரு சிறு துவாரம் உண்டு. அதன்வழி சொட்டும் எண்ணெய் கருநிறமாயின் எஞ்சினின் பின்புறச் சீல் தேய்ந்திருத்தல் கூடும். தடித்து, கறுக்காதிருப்பின் கியர்ப் பெட்டியின் முன்தண்டுச் சீலே ஐயத்துக்குரியது. சேற்றுழவின் பின் இத்துவாரம் மண்ணால் அடைபடுவது உண்டு. அடைபட்டால் எண்ணெயும் நீரும் உள்ளே தேங்கிக் கிளச் வழுக்கும். எது ஒழுகினாலும் இரண்டு சீல்களையும் மாற்றிவிடுக. பழைய பெர்கின்ஸ் எஞ்சின்கள் சிலவற்றில் பின்புறச் சீல் இரு பாதியாக வரும் கயிற்று வகையாகும். இதனை அளவறிந்து அழுத்திப் பதிப்பதற்குப் பழகிய கை வேண்டும். அனுபவமில்லாதவரிடம் கொடுப்பது வீண் செலவே.

அடுத்துக் கிளச். தகடு பாதி தேய்ந்திருந்தாலும் மாற்றுதலே சிக்கனம். அதனுடன் அழுத்துதகட்டையும், மிதி அழுத்தும்போது சுழலும் விடுவிப்புப் பெயரிங்கையும், பிளைவீலின் நடுவே இருக்கும் சிறு பெயரிங்கையும் சேர்த்து மாற்றுக. இந்தச் சிறு பெயரிங் மலிவானது, ஆனால் அது இறுகினால் கிளச் முழுதும் விடுபடாமல் கியர் உரசிச் சத்தமிடும். கிளச் கவையின் தண்டு ஆடுகின்றதா என்றும் அசைத்துப் பார்த்தல் வேண்டும். பிளைவீலின் முகத்தில் நீலப் புள்ளிகளோ வெடிப்புகளோ தென்பட்டால் கடைச்சற் பட்டறைக்கு அனுப்புக. அதன் விளிம்பிலுள்ள பல்வளையத்தையும் சுற்றிப் பார்க்க. எஞ்சின் நிற்கும்போது பெரும்பாலும் குறித்த சில இடங்களிலேயே நிற்பதால், அவ்விடங்களிற் பற்கள் மிகுதியாய்த் தேய்ந்திருக்கும்.

பழைய கிளச்சின் உராய்வுப் பூச்சில் அசுபெசுத்தசு கலந்திருக்கலாம். அத்தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதுவது நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். நம் வேலைத்தலங்களில் ஊதும் வழக்கமே மிகுதி. இதனைக் கண்டால் தடுத்து நிறுத்துங்கள்.

வாங்கும் கியர்ப் பெட்டியை, இயந்திரத்தில் ஏற்றுமுன் தரையிலேயே சோதித்தல் எளிது. முன்தண்டைக் கையாற் சுழற்றிக் கொண்டு எல்லாக் கியர்களையும் மாற்றிப் பார்க்க. வடித்த எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது. இரும்புத் துகளோ பல்லின் துண்டோ காணப்பட்டால் அப்பெட்டி வேண்டாம். 135 இல் 6 முன்கியர் உள்ளவையும் 8 முன்கியர் உள்ளவையும் உண்டு. கிளச்சும் ஒற்றை, இரட்டை என இருவகை. முன்தண்டின் விட்டமும் வரிப்பற்களின் எண்ணிக்கையும் தகட்டுடன் பொருந்துகின்றனவா என எண்ணிப் பார்த்தபின்பே பணம் கொடுக்க வேண்டும்.

பிரிக்கும்போது மிகக் கவனம் வேண்டும். முதலில் பற்றரியின் இணைப்பை நீக்குக. முன்னச்சின் இருபுறமும் மர ஆப்பு செருகாவிடின் எஞ்சின் ஒருபக்கம் சரிந்து ஆளை நசுக்கிவிடும். இரு பகுதிகளுக்கும் உறுதியான முட்டுகள் கொடுத்து, பின்சில்லுகளையும் தடுத்து வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் அடியிற் செல்லலாகாது. மீண்டும் பொருத்துகையில் தகட்டை ஒரு பொய்த்தண்டினால் நடுப்படுத்துக. இரு பகுதிகளும் தாமாகவே நெருங்கி முகம் சேர வேண்டும். நெருங்காத இடத்தில் ஆணிகளை இறுக்கி இழுத்தால் தகடோ உறையோ உடையும்.

நீரேற்றி, ஸ்டார்ட்டர் மோட்டார், எரிபொருள் வடிகட்டி முதலியவை வெளியிலிருந்தே எட்டுவன. அவற்றை இந்தச் செலவோடு சேர்க்க வேண்டியதில்லை. நன்றாக ஓடும் எஞ்சினையும் இதைச் சாக்காகக் கொண்டு திறக்க வேண்டாம். இருசக்கர உழவு இயந்திரங்கள் பலவற்றில் கிளச் வெளியே அமைந்திருப்பதால் இவ்வளவு பாடும் இல்லை.

135 இல் கியர்ப் பெட்டிக்கும் பின்னச்சுக்கும் கலப்பை தூக்கும் நீரியல் அமைப்புக்கும் ஒரே எண்ணெய்தான். பழையதை முழுதும் வடித்து, வடிகட்டியைக் கழுவிப் புதிய எண்ணெய் ஊற்றுக. கைந்நூலிற் கூறியபடி கிளச் மிதியின் வெற்றாட்டத்தைச் சரிசெய்து, வெறும் இயந்திரமாகச் சிறிது தூரம் ஓட்டியபின், எண்ணெய் மட்டத்தையும் இணைப்பு ஆணிகளையும் மறுபடி பார்க்க வேண்டும். சில நாள் வேலையின் பின் அடித் துவாரத்தில் விரல் வைத்துப் பாருங்கள். அது உலர்ந்திருத்தல் வேண்டும்.