பழைய காரும் மலை இறக்கமும்

பழைய அம்பாசிடர் கார் ஒன்றை வாங்கிப் பழுது பார்த்து, தருமபுரியிலிருந்து வத்தல்மலைக்கு அன்றாடம் போய்வர எண்ணுகிறீர்களா? வண்ணம் பூசுவதற்கு முன் பிரேக்கைப் பாருங்கள். ஏறும்போது எஞ்சின் திணறினால் வண்டி நின்றுவிடும். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பிரேக் தளர்ந்தால் நிற்காது.

ஆட்களுடன் 1,400 கிலோ எடையுள்ள கார் 500 மீட்டர் உயரம் இறங்கினால், அது இழக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ 70 லட்சம் ஜூல். 20 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். பிரேக்கை மட்டும் நம்பினால் இதில் பெரும்பகுதி அங்கேயே வெப்பமாகிறது. 2014-இல் உற்பத்தி நின்றுபோன இக்காரின் பழைய வகைகளில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே உண்டு. டிரம் சூடேறினால் விரிந்து லைனிங்கை விட்டு விலகும், உராய்வும் குறையும். பிரேக் ஆயிலோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஈரம் சேர்ந்த பழைய ஆயில் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். அப்போது உண்டாகும் ஆவி அமுங்கிக் கொடுப்பதால், பெடல் அடிவரை இறங்கினாலும் அழுத்தம் சக்கரத்தை எட்டாது.

ஆகவே பிரேக் ஆயில், வீல் சிலிண்டர் ரப்பர்கள், தேய்ந்த லைனிங் ஆகியவற்றை முதலில் மாற்றுங்கள். மலை ஏறிய கியரிலேயே இறங்குங்கள். எஞ்சினே வேகத்தைத் தாங்கிப் பிடிக்கும். எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணி நியூட்ரலில் உருளவிடவே கூடாது.