முகப்பேரில் பெய்யும் மழை எங்கே போகிறது?

சென்னைக்கு மேற்கே உள்ள முகப்பேர், சில பத்தாண்டுகளுக்கு முன்பு வயல் சூழ்ந்த சிற்றூர். 'மகப்பேறு' என்பதே முகப்பேர் என மருவியது என்று, அங்குள்ள சந்தான சீனிவாசப் பெருமாள் கோயிலை ஒட்டிப் பெயர்க்காரணம் கூறுவர். 1960-களில் அருகே அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. பின்னர் வீட்டு வசதி வாரியத்தின் குடியிருப்புகள் வந்தன. 2011-இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது.

இவ்வட்டார உழவர்களுக்கு ஏரிகளே உயிர். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கலங்கல் வழியே கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து இரட்டை ஏரிக்கும் செல்லும். இதற்கு எந்திரம் எதுவும் வேண்டியதில்லை. நிலம் கிழக்கே கடலை நோக்கிச் சரிந்திருப்பதால், புவியீர்ப்பு விசையே நீரை இட்டுச் செல்கிறது.

ஏரிக்கரை மேலே குறுகியும் அடியில் அகன்றும் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஏன்? ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தமும் கூடுகிறது. 3 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 3 டன் எடைக்குச் சமமான விசை தள்ளுகிறது! பாஸ்கலின் நூலைப் படிக்காமலே நம் முன்னோர் அனுபவத்தால் இதை உணர்ந்திருந்தனர்.

இனி ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது 1 லிட்டர் நீர். எனவே ஒரு ஹெக்டேரில் 10 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லட்சம் லிட்டர்! வயலாயிருந்தால் வரப்புகள் அதைத் தேக்கும். மண் மெல்ல உறிஞ்சும். சிமெண்டுத் தளமும் தார்ச்சாலையும் உறிஞ்சுவதில்லை. அத்தனை நீரும் ஒரே நேரத்தில் தெருவில் ஓடுகிறது. வழியில் கால்வாய் அடைபட்டிருந்தால் வீட்டுக்குள் புகுகிறது. நிலத்தடிக்குச் செல்வதோ சிறிதளவே.

2015-இல் வெள்ளத்தில் தத்தளித்த சென்னை, 2019 கோடையில் குடிநீருக்குத் தவித்தது. முரண்பாடாகத் தோன்றும் இவ்விரண்டுக்கும் மழையின் ஏற்றத்தாழ்வு ஒரு காரணம். நீர் தங்க இடமில்லாமற் போனது மற்றொரு காரணம்.

சென்னையின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். 100 சதுர மீட்டர் மாடியில் விழுவது 1,40,000 லிட்டர். நாளொன்றுக்கு 500 லிட்டர் செலவிடும் குடும்பத்துக்கு இது 280 நாள் நீர்! சிந்துவதும் ஆவியாவதும் போக, எஞ்சுவதும் குறைவன்று. 2003-இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது இதனால்தான்.

மாணவர்களே! உங்கள் வீட்டு மாடியின் நீள அகலங்களை அளந்து, இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். பிறகு அந்நீர் எந்தக் குழாய் வழியே, எங்கே போய்ச் சேருகிறது என்பதையும் கண்டறியுங்கள்.