கல்லூரி இடங்களும் நீதிமன்றத் தீர்ப்புகளும்

பரமக்குடி, எமனேசுவரம் நெசவாளர் சங்கங்களுக்கும், முண்டு மிளகாய் விளையும் கிராமங்களின் கடன் சங்கங்களுக்கும் தணிக்கைக்குச் செல்லும்போது, அங்கத்தினர் பலர் வினவுவது இதுவே: "கல்லூரிகளில் நம் பிள்ளைகளுக்குரிய ஒதுக்கீட்டை நீதிமன்றம் எடுத்துவிடுமா?" இதற்கு விடை காணப் பழைய வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும்.

சென்னை மாகாணத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்கள் வகுப்புவாரி அரசாணைப்படி பகிர்ந்தளிக்கப்பட்டு வந்தன. ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 2, பிராமணர்க்கு 2, ஆதிதிராவிடர்க்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்க்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்பது கணக்கு. 1950-ல் மருத்துவக் கல்வி நாடிய செண்பகம் துரைராஜனும், பொறியியல் நாடிய சி. ஆர். சீனிவாசனும் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர்நீதிமன்றம் ஆணையைச் செல்லாதென்றது. 1951 ஏப்ரல் 9-ல் உச்சநீதிமன்றத்தின் எழுவர் அமர்வும் அவ்வாறே தீர்ப்பளித்தது. அரசுப் பணிக்கு ஒதுக்கீடு செய்ய அரசியலமைப்பில் இடமுண்டு; கல்விக்கு அத்தகைய விதி இல்லை என்பது முக்கியக் காரணம்.

தமிழகத்தில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. மூன்று மாதங்களுக்குள், 1951 ஜூனில், முதலாவது அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. பின்தங்கியோர் முன்னேற்றத்திற்கு அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்னும் 15(4) ஆம் பிரிவு அதனால் பிறந்ததே. குறை இருந்த இடத்தைத் தீர்ப்பு சுட்டியது. நாடாளுமன்றம் அதனை நிரப்பிற்று.

1992-ல் மண்டல் வழக்கில், ஒதுக்கீடு பொதுவாக 50 விழுக்காட்டை மீறலாகாது என உச்சநீதிமன்றம் கூறியது. தமிழகமோ பின்தங்கியோர்க்கு 30, மிகவும் பின்தங்கியோர்க்கும் சீர்மரபினர்க்கும் 20, ஆதிதிராவிடர்க்கு 18, பழங்குடியினர்க்கு 1 என 69 விழுக்காட்டுக்குத் தனிச் சட்டம் இயற்றியது. 1994-ல் அது ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. இன்றும் நடைமுறையில் உள்ளது.

நம் அங்கத்தினர் அவசியம் அறியவேண்டியது 2020 ஆம் ஆண்டுச் சட்டம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்று நீட் தேர்வில் தகுதி பெற்றோர்க்கு, மருத்துவப் படிப்பின் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 7.5 விழுக்காடு இதனால் கிடைக்கிறது. எந்த வகுப்பினராயினும் அவரவர் பிரிவுக்குள்ளேயே இது கணக்கிடப்படும். 2022 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் இச்சட்டம் செல்லுமென்றது; ஐந்தாண்டுகளுக்குள் மறுபரிசீலனை தேவையென்றும், அதற்குள் அரசுப் பள்ளிகளின் தரத்தை உயர்த்த வேண்டுமென்றும் கூறியது. 2021 முதல் பொறியியல், வேளாண்மை, மீன்வளம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் இதே அளவு உண்டு. 2022-ல் இராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது.

ஆகவே பெற்றோர் ஒன்றை மனத்திற் கொள்க. அரசு உதவி பெறும் பள்ளி, அரசுப் பள்ளி ஆகாது. இடையில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இவ்வுரிமை நழுவக்கூடும். சாதிச் சான்றிதழையும், பயின்ற வகுப்புகளுக்கான பள்ளிச் சான்றையும் முன்கூட்டியே பெற்றுப் பத்திரப்படுத்துக. நூல் வாங்க முதலில்லாதவன் தறியும் ஓடவேண்டும் என்பதற்கே நெசவாளர் சங்கம் தோன்றியது. ஒதுக்கீட்டின் நோக்கமும் அதுவே. ஆயின் நூல் கிடைத்தபின் நெய்ய வேண்டியவர் நாமே. சங்கந்தோறும் செயலாளர்கள் இவ்விவரங்களை அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தால், அங்கத்தினர் குடும்பங்களுக்குப் பேருதவியாகும்.