முடி நடப் போகும் முதலாளிமாரே, முதலில் நாட்கணக்கைப் போடுங்கள்

இந்தப் பத்தியில் வழக்கமாக இறக்குமதி வரி, வங்கிக் கடன், டொலர் விலை என்றுதான் எழுதி வருகிறேன். இந்த வாரம் தலைமுடியைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்க வேண்டாம். நம்மவர்களில் சிலர் சரக்கெடுக்கத் துருக்கிக்குப் போகும் பயணத்திலேயே தலையில் முடியும் நட்டுக்கொண்டு வருகிறார்கள். வெட்கத்தினால் யாரும் வெளியில் சொல்வதில்லை. அதனால் ஒருவர் பட்ட பாடு அடுத்தவருக்குப் பாடமாகாமல் போகிறது.

புறக்கோட்டையில் என் கடைக்குப் பக்கத்தில் புடவை வியாபாரம் செய்யும் ஒரு சகோதரர். வயது நாற்பத்தாறு. ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு என்னைக் கடையின் பின்பக்க ஸ்டோருக்குக் கூப்பிட்டார். தொப்பியைக் கழற்றினார். "நானா, ஒருத்தருக்கும் செல்ல வாணாம். இது என்னெண்டு கொஞ்சம் பாருங்க" என்றார். உச்சந்தலை சிவந்து, இரண்டு இடங்களில் சீழ் கட்டி, ஒரு பக்கம் கறுத்துப் போயிருந்தது. கையைத் தொட்டால் நெருப்பாகச் சுட்டது. அன்று அவருக்கு இஸ்தான்பூலில் சிகிச்சை செய்து பன்னிரண்டாவது நாள்.

போகும்போது மனைவியிடமும் சரக்கெடுக்கப் போவதாகவே சொல்லியிருந்தார். திரும்பி வந்த பிறகுதான் வீட்டுக்குத் தெரியும். கடையில் யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் நாள் முழுக்க இறுக்கமான தொப்பி. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். "பேரப் போடாம எழுதுங்க நானா, நாலு பேருக்குப் பிரயோசனப்படட்டும்" என்றார்.

எங்கே பிழைத்தது?

சகோதரர் போட்டது ஏழு நாள் கணக்கு. முதல் நாள் போய் இறங்கினார். இரண்டாம் நாள் காலையிலிருந்து மாலை வரை சிகிச்சை. மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்து முதல் கழுவல். நான்காம், ஐந்தாம் நாட்களில் லாலெலி மொத்த வியாபாரப் பகுதியில் ஏறி இறங்கி உடுப்புக் கொள்வனவு. கையில் பைகள், நெற்றியில் வீக்கம். ஆறாம் நாள் விமானம் ஏறி, ஏழாம் நாள் வந்து கடையைத் திறந்துவிட்டார். தூசியும் வியர்வையும் நிறைந்த கடை. நோன்புப் பெருநாள் வியாபாரம் நெருங்கிய நேரம். பார்சல்களைத் தானும் சேர்ந்து இறக்கினார்.

இன்னொரு பிழையும் நடந்திருந்தது. சிகிச்சைக்கு முன் கொடுத்த படிவத்தில் சீனி வருத்தம் உண்டா என்று கேட்டிருந்தார்கள். உண்டு என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து, இல்லை என்று எழுதிவிட்டார். அங்கே இரத்தப் பரிசோதனை செய்தார்களா என்பதும் அவருக்கு ஞாபகமில்லை.

முற்பணம் கட்டும் வரை வட்ஸ்அப்பில் ஐந்து நிமிடத்தில் பதில் சொன்ன முகவர், தலை வலிக்கிறது என்று எழுதியபோது படம் அனுப்பச் சொன்னார். அனுப்பினார். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு "பொருக்குத் தானாக விழும்" என்று ஒரு வரி வந்தது. அன்றிரவே நான் அவரைக் கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனேன். நான்கு நாள் படுக்கையில் வைத்து, ஊசி மூலம் மருந்தேற்றி, சீனியைக் கட்டுப்படுத்தி அனுப்பினார்கள். சுகமாகிப் பழையபடி கடையில் நிற்க ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. பெருநாள் வியாபாரத்தைக் கடைப் பையன்கள்தான் பார்த்தார்கள்.

ஒரு வருடம் கழித்து முன்பக்கம் நல்ல முடி வந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் உச்சியில் ஐந்து ரூபாக் குத்தி அளவு இடம் தழும்பாகிவிட்டது. அதில் இனி முடி வராது என்று தோல் வைத்தியர் சொல்லிவிட்டார்.

சிகிச்சை ஒரு நாள், சுகமாவது ஒரு வருடம்

தலையின் பின்பக்கத்திலும் காதோரங்களிலும் உள்ள முடி, வழுக்கைக்குக் காரணமான ஹோர்மோனுக்கு எளிதில் அசைவதில்லை. அங்கிருந்து எடுத்து முன்னால் நட்டாலும் அந்தக் குணம் மாறுவதில்லை. நியூயோர்க் தோல் வைத்தியர் நோர்மன் ஓரென்ட்ரைக் 1950களில் இதைச் செய்துகாட்டி, 1959 இல் கட்டுரையாக வெளியிட்டார். இப்போது ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த வட்டக் கத்தியால் வேரோடு ஒவ்வொன்றாக எடுத்து நடுகிறார்கள். ஒரு வேர்க்கட்டில் ஒன்று முதல் நான்கு முடி வரை இருக்கும். இரண்டாயிரம், மூவாயிரம் கட்டுகள் நட ஆறு முதல் எட்டு மணித்தியாலம் பிடிக்கும். தலையை விறைக்க வைக்கும் ஊசிதான் போடுவார்கள், மயக்குவதில்லை.

அதாவது ஒரே நாளில் தலையில் ஆயிரக்கணக்கான சிறு காயங்கள். விளம்பரத்தில் போடும் விலை அந்த ஒரு நாளுக்குரியது. ஹோட்டல், வாகனம், மொழிபெயர்ப்பாளர் எல்லாம் அதில் அடங்கும். அதற்குப் பிறகு வரும் நாட்கள் நமது கணக்கில்தான். அந்த நாட்கள் எப்படிப் போகும் என்பதைக் கவனியுங்கள்.

முதல் மூன்று நாள்: பின்மண்டையில் வலியும் கசிவும் இருக்கும். இரண்டு தலையணை வைத்து, தலையை உயர்த்தி, மல்லாந்துதான் படுக்க வேண்டும். நட்ட இடம் தலையணையில் உரசக்கூடாது. வைத்தியர் தந்த உப்புநீரை விசிற வேண்டும்.

மூன்று முதல் ஐந்து நாள்: நெற்றி வீங்கி, வீக்கம் கண்ணிமை வரை இறங்கலாம். பயப்படத் தேவையில்லை, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வற்றிவிடும். குனிந்து பாரம் தூக்கினால் கூடும்.

பத்து நாள் வரை: நட்ட வேர்கள் தோலில் பிடிக்கும் காலம் இதுதான். இந்த நாட்களில் தலை எதிலும் முட்டக்கூடாது. வாகனக் கதவு, விமானத்தில் பை வைக்கும் தட்டு, கடை ஸ்டோரின் தாழ்ந்த நிலை, எல்லாவற்றிலும் கவனம். தலை வழியாகப் போடும் ஜுப்பாவும் டீசேர்ட்டும் வேண்டாம், பொத்தான் வைத்த சேர்ட்தான் நல்லது. மோட்டார் சைக்கிள் ஓடுபவர்கள் ஹெல்மட் போட முடியாது என்பதால் அதையும் நிறுத்த வேண்டும். பொருக்கை நகத்தால் கிள்ளக்கூடாது. கழுவும்போது தண்ணீரை மெதுவாக ஊற்ற வேண்டும், பைப்பை வேகமாகத் திறந்துவிடக்கூடாது. சிகரட் இரத்த ஓட்டத்தைக் குறைத்து வேரைக் கெடுக்கும்.

இரண்டாவது கிழமை: பொருக்குகள் உதிரும். வெயிலும் பாரம் தூக்குவதும் இன்னும் ஆகாது. நீச்சலுக்கு ஒரு மாதம் பொறுக்க வேண்டும்.

இரண்டு முதல் எட்டு வாரம்: நட்ட முடியில் பெரும்பகுதி கொட்டிவிடும். சல்லியெல்லாம் தண்ணீரில் போய்விட்டதோ என்று ஆள் கலங்கிப்போவது இந்தக் கட்டத்தில்தான். கொட்டுவது முடிதான், வேர் உள்ளே இருக்கிறது.

மூன்று, நான்கு மாதத்தில் புது முடி மெல்லியதாக முளைக்கும். ஆறாம் மாதம் கண்ணுக்குத் தெரியும். பன்னிரண்டு மாதம் போன பிறகுதான் இலாபமா நட்டமா என்று பார்க்கலாம். உச்சந்தலைக்கு இன்னும் சில மாதம் கூடும்.

இடையில் காய்ச்சல், சீழ், பரவிச் செல்லும் சிவப்பு, நாளுக்கு நாள் கூடும் வலி, தோல் கறுத்துப்போதல், இவற்றில் எது வந்தாலும் வட்ஸ்அப்பில் காத்திருக்கக்கூடாது. அன்றே இங்குள்ள வைத்தியரிடம் போக வேண்டும்.

தொழுகையும் உம்ராவும்

உதிர்ந்த முடியை மீள நடலாமா என்று சிலர் கேட்பார்கள். 2007 ஆம் ஆண்டு மலேசியாவில் புத்ராஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமியின் 18 ஆவது அமர்வு, இதை அனுமதிக்கப்பட்ட சிகிச்சைகளில் சேர்த்திருக்கிறது. பிறர் முடியை ஒட்டிக்கொள்வது வேறு விடயம்.

வுழூவில் தலையின் ஒரு சிறு பகுதியைத் தடவினாலும் ஷாபிஈ மத்ஹபில் போதுமானது. எனவே காயமில்லாத பக்கத்தில் ஈரவிரலால் தடவலாம். குளிப்பு கடமையானால் காயத்துக்குரிய சட்டத்தையும், குனிய முடியாத நாட்களில் ஸுஜூதை எப்படிச் செய்வது என்பதையும் போகுமுன்பே உங்கள் மௌலவியிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். தொப்பி இல்லாமலும் தொழுகை நிறைவேறும். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து பச்சைக் காயத்தின் மேல் தொப்பியை இறுக்க வேண்டாம்.

திரும்பும் வழியில் ஜித்தாவில் இறங்கி உம்ராவும் செய்துவிடலாம் என்று சிலர் திட்டமிடுகிறார்கள். வெயில், சனக்கூட்டம், பிறகு தலை மழிக்கும் கத்தி. ஆறாத தலைக்கு இது மூன்றும் ஆகாது. உம்ராவைத் தனியாக, சுகமான பிறகு நிய்யத் வைப்பதே நல்லது.

வியாபாரியின் கணக்கு

எல்லோருக்கும் இப்படிக் கெட்டுப்போவதில்லை. அக்குறணையைச் சேர்ந்த ஓர் இளைஞரையும் எனக்குத் தெரியும். அவரும் இஸ்தான்பூலில்தான் செய்தார். வியாபாரம் மந்தமான மாதத்தைத் தெரிந்தெடுத்தார். கடையைச் சகோதரனிடம் இருபது நாளுக்குக் கையளித்தார். வீட்டில் சொல்லிவிட்டுப் போனார். பத்து நாள் அங்கேயே தங்கி, வந்த பிறகும் ஒரு கிழமை வீட்டில் இருந்தார். இன்று தலை நிறைய முடி. அவர் செய்த செலவு சகோதரருடையதைவிடச் சற்றுக் கூடுதல்தான். ஆனால் சகோதரர் பிறகு வைத்தியசாலைக்குக் கட்டியதையும் பெருநாளில் இழந்ததையும் கூட்டினால் இளைஞருடையதே மலிவு.

ஒரு பெட்டி சரக்குக்கு மாதிரி கேட்கிறோம், எல்.சி. திறக்கிறோம், விற்பவரின் பதிவைப் பார்க்கிறோம். தலையைக் கொடுக்கும்போது ஒரு படத்தைப் பார்த்து முற்பணம் கட்டுகிறோம். கேட்க வேண்டியவை இவைதான்.

முதலாவது, கத்தியை யார் பிடிப்பது? முடி நடும் வைத்தியர்களின் சர்வதேச சங்கமே, வைத்தியர் பெயரை விளம்பரத்தில் போட்டுவிட்டு அனுமதியில்லாத ஆட்களை வைத்துச் செய்யும் இடங்களைப் பற்றி எச்சரித்து வருகிறது. வைத்தியரின் பெயரை எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது, அனுமதி. வெளிநாட்டு நோயாளிகளை ஏற்கும் நிலையங்களுக்குத் துருக்கியின் சுகாதார அமைச்சு 2017 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிப்படி தனிச் சான்றிதழ் கொடுக்கிறது. அதைக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது, உங்கள் உடம்பு. சீனி, பிரஷர், இருதய வருத்தம், இரத்தத்தை இளக்கும் மாத்திரை, எதையும் மறைக்க வேண்டாம். விறைக்க வைக்கும் ஊசியில் அட்ரினலின் கலந்திருக்கும், அது இருதயத்தில் வேலை செய்யும். அஸ்பிரினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், உங்கள் வைத்தியரைக் கேளுங்கள். பிறகு பினாஸ்டரைட் மாத்திரை எழுதித் தந்தால், புரொஸ்டேட் இரத்தப் பரிசோதனையின்போது அதைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அளவு பாதியாகக் காட்டி வைத்தியரை ஏமாற்றிவிடும்.

நான்காவது, இங்கே பார்க்கப்போகும் தோல் வைத்தியர். போகுமுன்பே ஒருவரைப் பேசி வையுங்கள். எத்தனை கட்டு நட்டார்கள், என்ன மருந்து கொடுத்தார்கள் என்ற விபரத்தை ஆங்கிலத்தில் எழுதி வாங்கி வாருங்கள். சகோதரரிடம் அந்தத் தாள் இருக்கவில்லை. வைத்தியசாலையில் அவர்கள் கேட்ட எந்தக் கேள்விக்கும் எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

ஐந்தாவது, நாட்கள். ஆகக் குறைந்தது பதினைந்து நாள் கடைக்கு நீங்கள் இல்லை என்று வையுங்கள். ரமழான், ஏப்ரல், டிசம்பர் வேண்டாம். கொள்வனவுக்கும் போக வேண்டுமென்றால் கொள்வனவை முதலில் முடித்துவிட்டு, சிகிச்சையைக் கடைசியில் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். சகோதரரின் தலையில் முதல் சீழ் வந்தது ஒன்பதாவது நாள். என்னைக் கூப்பிட்டது பன்னிரண்டாவது நாள். இடையில் போன மூன்று நாளையும் தின்றது வெட்கம்தான். "முதல் நாளே வந்திருந்தா இந்த இடம் கருகியிருக்காது" என்று டொக்டர் சொன்னபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஒரு ஹதீஸ் நமக்குத் தெரிந்ததுதான். பனூ இஸ்ராயீலரில் மூவரிடம் அல்லாஹ் ஒரு மலக்கை அனுப்பினான். அவர்களில் ஒருவர் வழுக்கைத் தலையர். அவருக்கு அழகிய முடியும் கிடைத்தது, மாட்டுச் செல்வமும் கிடைத்தது. பின்னர் அதே மலக்கு ஏழை வழிப்போக்கனாக வந்து கேட்டபோது, பழைய நிலையை மறந்து இல்லையென்று விரட்டிவிட்டார். கையில் இருந்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னவர் பார்வையிழந்திருந்தவர் மட்டுமே. முடி கேட்பதில் குற்றமில்லை. கிடைத்ததை அமானத்தாகக் கருதாததுதான் குற்றம். உடம்பும் அமானத், கடையும் அமானத். இரண்டுக்கும் கணக்குப் பார்த்து அடியெடுத்து வைப்போம், இன்ஷா அல்லாஹ்.