கேட்லாக்ல பார்த்த கலர் வேற, சுவரில் அடிச்ச கலர் வேற... ஏன் இப்படி ஆகுது? வீட்டுக்கு வண்ணமும் ஓவியமும் தேர்வு செய்வது எப்படி?

ஜவுளிக்கடையில் புடவை எடுப்பவர்கள், பிடித்த புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் வரை போய் வெளிச்சத்தில் ஒருமுறை விரித்துப் பார்ப்பார்கள். உள்ளே டியூப் லைட்டில் தெரியும் கலர் வேறு, வெளியே தெரியும் கலர் வேறு என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு புடவைக்கே இவ்வளவு கவனம். ஆனால் அடுத்த பல வருஷங்களுக்கு தினமும் பார்க்கப்போகும் வீட்டுச் சுவருக்கு? பெயின்ட் கடையில் நின்று, விரல் அகல அட்டையைப் பார்த்து, ஐந்து நிமிஷத்தில் முடிவு பண்ணிவிடுகிறார்கள். அடிச்சு முடிச்ச பிறகுதான் 'இந்தக் கலரையா சொன்னோம்?' என்று வீட்டுக்குள் பஞ்சாயத்து ஆரம்பிக்கும்.

உள் அலங்கார வடிவமைப்பாளர்கள் இதற்குச் சொல்லும் தீர்வு எளிமையானது. முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள், அப்புறம் சுவர், அதன் பிறகு ஓவியம். இந்த வரிசை மாறினால் பணமும் போகும், வீடும் இருட்டாகும். இதன் பின்னணி என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

கலர் ஏன் மாறித் தெரியுது?

சுவருக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. தன் மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. அப்படித் திரும்பி வருவதுதான் நம் கண்ணுக்குத் தெரியும் கலர். விழும் ஒளி மாறினால் கலரும் மாறித்தான் தெரியும்.

மொபைலில் பார்த்து கலர் முடிவு செய்பவர்கள் ஏமாறுவதும் இதனால்தான். ஸ்கிரீன் தானாக ஒளிர்கிறது, சுவர் ஒளிராது. அதனால் மொபைலில் பளிச்சென்று தெரியும் சாம்பல் நிறம், ஒரே ஜன்னல் உள்ள ஃபிளாட்டில் அழுக்கு போலத் தெரியலாம்.

பல கம்பெனிகளின் கலர் விவரங்களில் எல்.ஆர்.வி. என்று ஒரு எண் இருக்கும். அந்தக் கலர் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பதைச் சொல்லும் அளவு அது. கறுப்பு 0 பக்கம், வெள்ளை 100 பக்கம். வெளிச்சம் குறைவான வீடு என்றால் 60-க்கு மேல் உள்ள கலர்களைப் பார்ப்பது நல்லது. பகலிலேயே லைட் போட வேண்டிய தேவை ஓரளவு குறையும்.

பல்பும் ஒரு பெயின்ட்தான்

இரவில் சுவரின் கலரைத் தீர்மானிப்பது பல்புதான். பல்பு டப்பாவில் 'கே' என்ற எழுத்தோடு ஒரு எண் இருக்கும். அது கெல்வின் அளவு.

* 2,700 முதல் 3,000 வரை: மஞ்சள் கலந்த ஒளி. படுக்கையறைக்கும், ஓவியம் மாட்டிய சுவருக்கும் நன்றாக இருக்கும்.
* 4,000 சுற்றி: நடுத்தர வெள்ளை. சமையலறை, படிக்கும் மேஜைக்கு ஏற்றது.
* 6,500: நீலம் கலந்த வெள்ளை. நம்ம ஊர் வீடுகளில் அதிகம் எரிவது இதுதான். சந்தன நிறம், பீச் போன்ற கலர்களை இது வெளிறிப்போகச் செய்துவிடும்.

'சுவர் கலர் நல்லாவே இல்லை' என்று நினைப்பவர்கள், திரும்ப பெயின்ட் அடிப்பதற்கு முன்பு ஒரு பல்பை மாற்றிப் பார்க்கலாம். செலவு ரொம்பக் கம்மி.

எந்தத் திசை அறைக்கு எந்த வண்ணம்?

இது வாஸ்து விஷயம் கிடையாது, சூரியன் போகும் பாதை சம்பந்தப்பட்டது.

* வடக்கு ஜன்னல்: தமிழ்நாட்டில் வருஷத்தின் பெரும்பகுதி இங்கே நேர் வெயில் விழாது. வரும் ஒளியில் லேசாக நீலம் இருக்கும். இங்கே சாம்பல், நீலம் அடித்தால் அறை மந்தமாகத் தெரியும். கிரீம், இளமஞ்சள், பீச் கைகொடுக்கும்.
* மேற்கு ஜன்னல்: மாலை வெயில் ஆரஞ்சு நிறத்தில் உள்ளே வரும். ஏற்கெனவே மஞ்சள், ஆரஞ்சு அடித்த சுவர் அந்த நேரத்தில் கண்ணை உறுத்தும். இளம்பச்சை, வெளிர்நீலம் பொருத்தம்.
* கிழக்கு ஜன்னல்: காலையில் பிரகாசம், மதியத்துக்கு மேல் மங்கல். அந்த அறையை எப்போது அதிகம் பயன்படுத்துகிறீர்கள் என்பதை வைத்து முடிவு பண்ணுங்கள்.
* தெற்கு ஜன்னல்: செப்டம்பர் கடைசி முதல் மார்ச் வரை நல்ல வெயில் வரும். பெரும்பாலான கலர்கள் இங்கே செட் ஆகும்.

பக்கத்தில் இருக்கும் கலரும் வேலையைக் காட்டும்

பாரிஸில் கோபலின் என்ற புகழ்பெற்ற நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் வேதியியலாளர் மிஷேல் யூஜின் செவ்ரோல். கறுப்பு நூல் சரியான கறுப்பாக இல்லை என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. கறுப்புக்குப் பக்கத்தில் நெய்த மற்ற நிறங்கள்தான் அதை மங்கலாகக் காட்டின. ஒரு நிறம் பக்கத்து நிறத்தை மாற்றிக் காட்டும் என்பதை விளக்கி 1839-ல் அவர் புத்தகமே வெளியிட்டார்.

நம் வீட்டிலும் இதேதான். தரை டைல்ஸ், தேக்குக் கதவு, மர பீரோ, சோபா எல்லாம் சேர்ந்துதான் சுவர் கலரை முடிவு செய்கின்றன. சிவப்பு ஆக்சைடு தரை உள்ள பழைய வீட்டில் அழகாக இருக்கும் இளம்பச்சை, வெள்ளை டைல்ஸ் போட்ட ஃபிளாட்டில் வேறு மாதிரி தெரியும்.

வடிவமைப்பாளர்கள் பயன்படுத்தும் 60-30-10 கணக்கு இங்கே உதவும். அறையில் 60 சதவீதம் ஒரு முக்கிய நிறம், 30 சதவீதம் துணை நிறம், 10 சதவீதம் அழுத்தமான நிறம். சுவர் முதல் பங்கு, திரைச்சீலையும் சோபாவும் இரண்டாவது, ஓவியமும் குஷனும் மூன்றாவது. சட்டம் எல்லாம் இல்லை, தடுமாறாமல் இருக்க ஒரு கைப்பிடி, அவ்வளவுதான்.

பிடித்த அடர்ந்த கலரை விட மனசில்லையா? ஒரே ஒரு சுவருக்கு அடிக்கலாம். 10-க்கு 12 அடி அறையில், 10 அடி உயரம் என்றால் நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. அதில் 10 அடி நீளச் சுவர் ஒன்று வெறும் 100 சதுர அடிதான். பிடிக்காவிட்டாலும் மாற்றுவது சுலபம்.

ரோஸ் கலர் கோபத்தைக் குறைக்குமா?

'இந்தக் கலர் அடித்தால் மனசு அமைதியாகும்' என்ற பேச்சை நம்பி அதிகச் செலவு செய்ய வேண்டாம். 1979-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள கடற்படைச் சிறை அறைக்கு ஒருவகை ரோஸ் நிறம் அடித்தார்கள். கைதிகளின் ஆவேசம் குறைந்ததாகப் பரபரப்பாகச் சொல்லப்பட்டது. பிறகு முறையாகச் செய்த சோதனைகளில் அது உறுதியாகவில்லை. உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு எது பிடிக்கும் என்பதே இங்கே பெரிய ஆதாரம்.

ஓவியத்தை எந்த உயரத்தில் மாட்டணும்?

நம் வீடுகளில் படங்களைக் கூரைக்கு ஒரு முழம் கீழே, முன்பக்கம் சாய்த்து மாட்டுவது வழக்கம். அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். ஆர்ட் கேலரிகளில் பின்பற்றும் முறை வேறு. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 இன்ச் உயரத்தில் இருக்கும். நிற்கும் ஒருவரின் கண்மட்டம் அது.

* சோபாவுக்கு மேலே மாட்டினால், சோபாவுக்கும் ஃப்ரேமுக்கும் 6 முதல் 8 இன்ச் இடைவெளி போதும்.
* படத்தின் அகலம் சோபாவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் பார்க்க அளவாக இருக்கும்.
* சின்னப் படங்களை நான்கு சுவருக்கும் பிரித்து மாட்டாமல் ஒரே இடத்தில் கூட்டமாக மாட்டுங்கள்.
* ஜன்னலுக்கு நேர் எதிரே கண்ணாடி போட்ட படம் வேண்டாம். படத்துக்குப் பதில் ஜன்னல்தான் தெரியும்.

தஞ்சாவூர் ஓவியமும் மெக்சிகோ வீடும்

ஓவியம் சுவரை அலங்கரிப்பதோடு நிற்பதில்லை, அறைக்கு வெளிச்சமும் தரும். இதற்கு நல்ல உதாரணம் மெக்சிகோ சிட்டியில் இருக்கிறது. கட்டடக் கலைஞர் லூயிஸ் பராகான் 1948-ல் தனக்காகக் கட்டிய வீடு அது. அடர்ந்த ரோஸ், மஞ்சள் சுவர்களுக்குப் பேர்போன அந்த வீட்டின் படிக்கட்டில், மத்தியாஸ் கோயரிட்ஸ் என்ற கலைஞர் செய்த தங்கத் தகடு பதித்த பலகை இருக்கிறது. மேலே உள்ள ஜன்னலின் ஒளி அதில் பட்டுத் தெறித்து, கீழ்த்தளத்துக்கே பொன்னிற வெளிச்சம் தருகிறது. 2004-ல் இந்த வீடு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

இதே உத்தி நமக்குப் புதுசு இல்லை. தஞ்சாவூர் ஓவியத்தில் ஒட்டும் தங்கத் தகடு, மங்கலான பூஜை அறையில் விளக்கொளியில் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அதை 6,500 கெல்வின் டியூப் லைட்டுக்கு நேர் கீழே மாட்டினால் அந்த மினுமினுப்பு பாதி போய்விடும். பக்கவாட்டில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு போதும். மரப்பலகையில் துணி ஒட்டிச் செய்வதால், ஈரம் ஏறும் சுவரில் மட்டும் மாட்டவே கூடாது.

எங்கே வாங்கலாம்?

சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் கலைக்கூடம் இருக்கிறது. கைவினைப் பொருட்களுக்கு அரசின் பூம்புகார் விற்பனை நிலையங்கள் உண்டு. சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரி மாணவர்களின் கண்காட்சிகளையும் கவனியுங்கள். வளரும் கலைஞரின் அசல் ஓவியம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

பட்ஜெட் இடிக்குதா? பாட்டியின் கிழிந்த பட்டுப்புடவையின் முந்தானையை ஃப்ரேம் போடலாம். குழந்தை வரைந்த படத்தைச் சுற்றி அகலமான வெள்ளை மவுன்ட் வைத்து ஃப்ரேம் போட்டால் கெத்தாக இருக்கும்.

வாடகை வீடு என்றால்?

ஆணி அடிக்கக் கூடாது, கலர் மாற்றக் கூடாது என்பார் ஹவுஸ் ஓனர். பரவாயில்லை. திரைச்சீலை, படுக்கை விரிப்பு, பாய், விளக்கு நான்கையும் ஒரே வண்ணக் குடும்பத்தில் வாங்குங்கள். பெரிய ஃப்ரேமை மேஜை மேல் சுவரில் சாய்த்து வைக்கலாம். காலி செய்யும்போது எல்லாமே உங்களோடு வந்துவிடும்.

பிரஷ்ஷை எடுக்கும் முன் இதைக் கவனிங்க

கலரைவிட முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. பழைய பெயின்ட்டில், குறிப்பாகக் கதவு, ஜன்னல் கம்பிக்கு அடித்த மஞ்சள், சிவப்பு எனாமலில், ஈயம் இருக்கலாம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை இது பாதிக்கும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்தியாவில் வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்று 2016-ல் விதி கொண்டுவரப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட் என்றால் எச்சரிக்கை தேவை.

* பழைய பெயின்ட்டை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க விடாதீர்கள். தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் தூசு பறக்காது.
* வேலை முடிந்து ஈரத்துணியால் துடைக்கும் வரை குழந்தைகள், கர்ப்பிணிகள் அங்கே இருக்க வேண்டாம்.
* டப்பாவில் ஈயம் பற்றிய குறிப்பைப் படித்துவிட்டு வாங்குங்கள்.
* சுவரில் உப்பு பூத்திருந்தால் முதலில் நீர்க்கசிவை அடையுங்கள். ஈரச் சுவரில் எந்த பெயின்ட்டும் நிற்காது.

சரி, கலரை எப்படித்தான் முடிவு பண்றது?

பிடித்த இரண்டு மூன்று கலர்களில் சாம்பிள் டப்பா வாங்குங்கள். சுவரில் 2 அடிக்கு 2 அடி சதுரமாக இரண்டு கோட் அடித்து, இரண்டு நாள் அப்படியே விடுங்கள். காலை, மதியம், மாலை, இரவு லைட் போட்ட பிறகு என நான்கு வேளையும் பாருங்கள். இரண்டுக்கு நடுவே குழப்பம் வந்தால் ஒரு ஷேடு வெளிறியதை எடுங்கள். பெரிய சுவரில் எந்தக் கலரும் அட்டையில் இருப்பதைவிடக் கொஞ்சம் தூக்கலாகவே தெரியும்.